பட்டியலின் அறுபத்து மூன்றாவது வரி

என் வீட்டுக்காரர் பட்டியல் போடாமல் எதையும் செய்ய மாட்டார். சந்தைக்குப் போக ஒரு பட்டியல், வாங்கி வந்ததைச் சரிபார்க்க இன்னொரு பட்டியல். கல்யாணமான புதிதில் என் பெட்டியிலிருந்த சேலைகளை எண்ணி, நிறம் நிறமாக எழுதி வைத்தார். "எதுக்குங்க இது?" என்று கேட்டேன். "தொலைஞ்சா தெரியணும்ல" என்றார். இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறேன் என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் தள்ளிவிட்டேன்.

பெயர் ஞானசுந்தரம். தாத்தா மிஷன் பள்ளியில் கிளார்க்கு, அப்பா துறைமுகத்தில் கிளார்க்கு, இவர் ரங்கூன் தாமுவேயில் எங்கள் மாதா கோவில் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்கு. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரர்கள் பெரியவர் என்று ஊ சேர்த்து 'ஊ ஞானம்' என்பார்கள். நம் தமிழ்ச் சனங்கள் மரியாதையாக 'சயா' என்று கூப்பிடுவார்கள். வாத்தியார் என்று அர்த்தம். ஒரு நாள் கூட யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. மூக்குக்கண்ணாடியும் சட்டைப்பையில் இரண்டு பேனாவும் இருந்தால் ரங்கூனில் சயாதான்.

இவர் போட்ட பட்டியல்களிலேயே பெரியது வீடு மந்திரிக்கிற பட்டியல். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் சாமியார் வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். சாமியார்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்குத் தாமுவே சந்து எது, தாகேதா சந்து எது என்று தெரியாது. இவருடைய பட்டியலைக் கையில் கொடுத்தால் போதும். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, கதவு எந்தப் பக்கம், அந்த வீட்டு விவரம் கடைசியாக மாறிய தேதி எது, எல்லாம் வரிசையாக இருக்கும்.

தாகேதாவில் பொன்னுத்துரை என்று கப்பலில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்குப் போகிற சந்து வழியை ஐஸ் பாக்டரிக்காரன் சுவர் வைத்து அடைத்துவிட்டான். மூன்று வருஷம் எந்தச் சாமியாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இவர் ஒரு நாள் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொன்னுத்துரை செத்ததாவும் எழுதல, ஊரை விட்டுப் போனதாவும் எழுதல. அப்ப அங்கேதான இருக்கணும்?" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐஸ் பாக்டரிக்குள் புகுந்து, பனிக்கட்டி இழுக்கிறவர்களிடம் திட்டு வாங்கி, பின்பக்கம் போனால் வீடு இருக்கிறது, ஆளும் இருக்கிறார். "மூணு வருஷமா மெழுகுவத்தி வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் சயா" என்றாராம். அன்றையிலிருந்து பட்டியலில் அந்த வீட்டுக்கு ஒரு வரி உண்டு: 'ஐஸ் பாக்டரி வழியாகப் போகவும்.'

இப்போது என்னைப் பற்றி. நான் செசிலியா, தையல்காரி. கொஞ்சம் கோபக்காரி. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், தெருவில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். கோவிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்குகிற எட்டு ஒன்பது வயசுப் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பதுதான் என் வேலை. முன்னறையில் மூன்று மிஷின். ஒன்று எனக்கு, மற்ற இரண்டும் வேலம்மாவுக்கும் பவானிக்கும். அவர்கள் இந்துக்கள், ஆனால் ரங்கூனில் பாதிப் பிள்ளைகளைச் சேசுவிடம் அலங்கரித்து அனுப்பியது அவர்கள் கைதான். பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறார்கள், பதினாறு வருஷமாக என்னிடம் திட்டு வாங்குகிறார்கள், ஒருத்தியும் போகவில்லை.

போகிற மாதிரி வந்தது சென்ற வருஷம். சந்தையில் வெளிநாட்டு நைலான் கவுன் வந்து இறங்கியது. தொட்டால் கரகரக்கும், நெருப்புக்குப் பக்கத்தில் போனால் சுருங்கும், ஆனால் பார்க்கப் பளபள என்று இருக்கும். தாய்மார்கள் அங்கே போய்விட்டார்கள். மூன்று மிஷினுக்கு வேலையில்லை. வேலம்மாவும் பவானியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வருகிற ஜூலை முடிவுக்குள் ஆர்டர் வராவிட்டால் அவர்கள் மிஷின் இரண்டையும் லான்மடாவில் பழைய மிஷின் வாங்கி விற்கிற தஸ்தகீர் பாய்க்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அவர்கள் ஊருக்கு வெளியே கார்மெண்ட் பாக்டரிக்குப் போவார்கள். முடிவைச் சொன்னவள் நான்தான். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அப்போதுதான் பவானியின் புருஷன் மோகன் வந்தான். போன் கடையில் வேலை பார்க்கிறவன், வாய் ஓயாமல் பேசுகிறவன். "செசிலியாக்கா, பேஸ்புக்க இங்க அடைச்சு வச்சிருக்காங்க, உள்ள போகவே விபிஎன் போட வேண்டியிருக்கு, அதுல உங்க கவுனை யாரு பாக்குறது? வெப்சைட் போடுவோம். ரங்கூன்ல இல்லாட்டி என்ன, மலைப்பக்கம் எத்தன கோவில் இருக்கு! மழை விட்டதும் அங்கெல்லாம் புதுநன்மைதான். கூகுள்ல தேடுவாங்க, நம்மகிட்ட வருவாங்க" என்றான்.

நான் நம்பவில்லை. வேலம்மாவும் பவானியும் என் முகத்தையே பார்த்தார்கள். சரி, செய்து தொலை என்றேன்.

ஒரு வாரத்தில் தளம் தயார். ஒவ்வொரு கவுனுக்கும் ஒரு பக்கம், படத்தோடு. படத்துக்குக் கீழே பர்மிய மொழியில் எழுதும் வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அறுபது கவுன், அறுபது பக்கம். முகப்புப் பக்கம் ஒன்று, போன் நம்பர் போட்ட பக்கம் ஒன்று. மொத்தம் அறுபத்திரண்டு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால் ஒரு சண்டை வருகிறது.

"இன்னைக்கே திறந்துடலாமா அக்கா?" என்றான் மோகன்.

"திறக்கிறதா? சாம்பல் புதன் போயி மூணு நாளாச்சு. தவக்காலத்துல எவனாவது கடை திறப்பானா? மந்திரிக்காத கடையில ஒரு ஊசி விக்க மாட்டேன் நான். ஈஸ்டர் முடியட்டும், சாமியார் வரட்டும்."

"அதுவரைக்கும் கூகுள் வந்து பாத்துட்டா?"

"பாக்கக் கூடாது. பந்தல் போடுறதுக்கு முன்னாடியே விருந்தாளி வந்து நிக்கிறதா? கதவைச் சாத்து."

கதவைச் சாத்த ஒரு வழி இருந்தது. 'தேடுபொறிகளுக்கு இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம்' என்று ஒரு கட்டம். அதில் ஒரு டிக் போட்டால், எந்தப் பக்கத்தையும் கூகுள் தன் புத்தகத்தில் சேர்க்காது என்றான் மோகன். "இங்க கொண்டா" என்று லேப்டாப்பை இழுத்து, நானே என் விரலால் டிக்கைப் போட்டேன். தவக்காலத்தில் கோவிலில் மாதா சிலை முதலான சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைப்பார்களே, அப்படி மூடியாயிற்று என்று நிம்மதியாக இருந்தது.

அந்தத் தவக்காலம் முழுக்க என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். காரணம், மோகன் அவரிடம் சைட்மேப் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டான்.

"கூகுள் ஒரு ஆள் மாதிரி சயா. ஒவ்வொரு பக்கமாப் போயிப் பாக்கும். ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்கு வழி இருந்தா அதப் புடிச்சிக்கிட்டே போகும். வழி இல்லாத பக்கம் அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால நாமளே எல்லாப் பக்கத்து விலாசத்தையும் ஒரு பட்டியலா எழுதிக் கொடுக்கணும். அதுதான் சைட்மேப்பு."

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அடடே! வீடு மந்திரிக்கிற பட்டியல்!"

"ஆமா சயா. ஆனா பட்டியல்ல இருந்தா கண்டிப்பாச் சேத்துக்கும்னு இல்ல. வந்து எட்டிப் பாக்கும், அவ்வளவுதான்."

"சாமியாரும் அப்படித்தான். பட்டியல் கொடுக்கிறது நம்ம வேல, உள்ள வர்றது அவர் இஷ்டம்."

இதைக் கணினியே தானாகத் தயாரித்துவிடுமாம். இவர் கேட்பாரா? கணினி தயாரித்தால் இவருக்குத் தூக்கம் வராது. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, தானே எழுதினார். எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வந்தால் தெருவே "மீ லாபி!" என்று கூவும். அந்தக் கூவல் கேட்டதும் எங்கிருந்தாலும் ஓடி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். குழம்பு கொதித்து வழிந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. விலாசத்துக்குப் பக்கத்தில், அந்தப் பக்கம் கடைசியாக மாறிய தேதியும் எழுதலாம் என்று தெரிந்ததும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாத்துக்கும் புதுத் தேதியாப் போட்டுருங்க சயா, அடிக்கடி வந்து பாக்கும்" என்றான் மோகன்.

"மாத்தாத வீட்டுக்கு மாத்துனேன்னு எழுதுனா அப்புறம் பட்டியலையே ஒருத்தனும் நம்ப மாட்டான்பா" என்று சொல்லி, மாறிய பக்கத்துக்கு மாறிய தேதிதான் போட்டார்.

ஈஸ்டரும் போய், திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் போய், தெரு காய்ந்த பிறகு ஃபாதர் தாமஸ் வந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் லேப்டாப்பை வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றினோம். ஃபாதர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கடைய மந்திரிச்சிருக்கேன், காரை மந்திரிச்சிருக்கேன். இதுக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பவ்யமாக முகப்புப் பக்கத்தைக் காட்டினார். ஃபாதர் தீர்த்தத்தைக் கை நிறைய அள்ளினாரே பார்க்க வேண்டும்! "ஃபாதர், ஃபாதர், கீபோர்டு!" என்று மோகன் பாய்ந்து நடுவில் விழுந்து, பாதித் தீர்த்தத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான். ஃபாதர் போனதும் பவானி ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வாசலில் நசுக்கினாள். எல்லா வழியும் பார்த்தாயிற்று. கேக் வெட்டினோம்.

அன்றைக்கே இவர் பட்டியலைக் கூகுளுக்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் பதில் வந்தது: 'வெற்றி. அறுபத்து மூன்று பக்கங்கள் கண்டறியப்பட்டன.'

"அறுபத்து மூணா? அறுபத்திரண்டுதானே?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

"இருக்கட்டும்னா? அறுபது கவுனு, முகப்பு ஒன்னு, போன் நம்பர் ஒன்னு. ஒன்னு எப்படிங்க கூடும்? சேலையை எண்ணத் தெரிஞ்சவருக்குப் பக்கத்த எண்ணத் தெரியலையா?"

"இருக்கட்டும் செசிலி" என்று மறுபடியும் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே 'வெற்றி' என்று வந்த செய்தியை ஆளாளுக்குக் காட்டியிருக்கிறார். ஆர்டரே வந்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். அந்த நாலு பேருக்கும் மிச்சக் கேக் போயிற்று.

மே போனது. ஜூன் போனது. மழை ஊற்று ஊற்று என்று ஊற்றியது. ஒரு போன் வரவில்லை. நான் தினமும் கூகுளில் 'புதுநன்மைக் கவுன்' என்று பர்மிய மொழியில் தேடுவேன். நைலான் வரும், நைலானின் தங்கச்சி வரும், நாங்கள் வர மாட்டோம். தேடி முடித்ததும் இவரைப் பிடித்துக்கொள்வேன். "வெற்றி வெற்றின்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, எங்க உங்க வெற்றி? எண்ணிக்கையே தப்பா எழுதிக் கொடுத்தா எவன் மதிப்பான்? அந்த ஒரு அதிகப் பக்கத்துனாலதான் கூகுள் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு!" அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பட்டியலை முதல் வரியிலிருந்து மறுபடியும் சரிபார்ப்பார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

ஜூலை இரண்டாம் வாரம் வேலம்மா தன் கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்து, பையில் வைத்துக்கொண்டாள். அவளுடைய சொந்தக் கத்தரிக்கோல்தான். பாக்டரிக்குப் போகத் தயாராகிறாள் என்று புரிந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். 'வெற்றி' என்ற வரியை என் வீட்டுக்காரர் தினமும் பார்ப்பார், பார்த்து மூடிவிடுவார். அதற்கு மேல் போக மாட்டார், வெற்றிக்கு மேலே என்ன இருக்கிறது என்று. நான் ஆத்திரத்தில் அந்த வரியைக் குத்தினேன். வேறொரு பக்கம் திறந்தது. அறுபத்து மூன்று பக்கமும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் கூகுள் வந்து பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. காரணம் ஒரே காரணம்: சேர்க்க வேண்டாம் என்று இந்தத் தளமே சொல்கிறது.

சேசு மரி சூசையே!

டிக்! சாம்பல் புதனுக்கு அப்புறம் என் விரலால் நான் போட்ட டிக்! சாமியார் வந்தார், தீர்த்தம் தெளித்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினோம், கேக் தின்றோம். ஊதாத் துணியை எடுக்க மறந்துவிட்டோம். வாசலில் வெல்கம் போர்டு வைத்துவிட்டு, வந்தவர்களையெல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் திருப்பி அனுப்பியவள் நான். இரண்டரை மாசம் இந்த மனுஷனைக் கரித்துக் கொட்டியவளும் நான்.

என் கூச்சலில் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். சொல்லாமல் மூடி மறைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"நான்தாங்க. தப்பு என்னோடது. அந்த டிக்கை எடுக்கவே இல்ல."

அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கோபப்படுவார் என்று நினைத்தால், முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப பட்டியல் சரி!" என்றார். "பாத்தியா செசிலி, ஒவ்வொரு வீட்டுக்கும் வந்திருக்கு! அறுபத்து மூணுக்கும்! ஒரு வீட்டைக் கூட விடல!" கொட்டுகிற மழையில் அவருக்கு அது ஒன்றுதான் சந்தோஷம். அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, நாலு அடி வைக்கலாம் போலவும் இருந்தது. டிக்கை எடுத்தேன். அவர் பட்டியலை மறுபடியும் அனுப்பினார்.

ஜூலை இருபத்தாறாம் தேதி நாங்கள் முதன்முதலாகக் கூகுளில் வந்தோம். மூன்றாவது பக்கத்தில், நைலானுக்கெல்லாம் அடியில், ஆனால் வந்தோம். மோகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஆடினான். இருந்தாலும் போன் அடிக்கவில்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்குத் தஸ்தகீர் பாய் சைக்கிள் ரிக்‌ஷாவோடு வந்து நின்றார். நல்ல மனுஷர், டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே நின்றார். "எனக்கே சங்கடமா இருக்கும்மா. இன்னொரு மாசம் பாக்கலாமா?" என்றார். சொன்ன சொல் சொன்னதுதான் என்றேன். வீம்பு. பவானியின் மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. வேலம்மாவின் மிஷினைத் தூக்கக் குனிகிறார்கள். என் போன் அடித்தது.

தெரியாத நம்பர். பர்மிய மொழியில் ஒரு பெண் குரல், தவுங்ஜிக்குப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி. "செசிலியாதானே? புதுநன்மைக்குக் கவுன் வேண்டும். நாற்பத்திரண்டு பிள்ளைகள், நவம்பரில். முடியுமா?"

எனக்கு வாய் வரவில்லை. வாய் வராமல் நான் நின்ற முதல் நாள் அதுதான் என்று வேலம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

"ஹலோ? இருக்கிறீர்களா? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கவுனுக்கு அடியில் மூன்று விரல் மடிப்பு விடுவீர்களாமே, அது உண்மைதானே?"

"உண்மைதான் சிஸ்டர். அது... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கள் தளத்தில் எழுதியிருக்கிறதே! எங்கள் ஊரில் அக்கா போட்டதைத் தங்கச்சி போட வேண்டும், தங்கச்சி போட்டதை அடுத்தவள் போட வேண்டும். பிரித்து நீளமாக்குகிற மாதிரி கவுன் கிடைக்குமா என்று தேடினேன். அந்த ஒரு பக்கம்தான் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன். எழுதியவர் உங்கள் வீட்டுக்காரரா?"

அப்படியொரு பக்கம் எங்கள் தளத்தில் கிடையாது. அறுபத்திரண்டையும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடியும் சிஸ்டர், நாற்பத்திரண்டும் முடியும், மூன்று மிஷின் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்ததும்தான் குரல் வந்தது. "பாய்! இறக்குங்க! மிஷினை இறக்குங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ரிக்‌ஷாக்காரன் பயந்து குதித்துவிட்டான். பவானி கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்தாள். வேலம்மா பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து வந்து, ஒரே வெட்டு. பாயும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். "அல்லாவே, மிஷினைத் திருப்பிக் கொடுத்துட்டு இவ்ளோ சந்தோஷமா நான் ஒரு நாளும் போனதில்ல" என்று சிரித்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "சயா, நம்ம கடைக்கும் ஒரு பட்டியல் எழுதித் தாங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் இவரிடம் திரும்பினேன். "என்ன பக்கம் அது? எடுங்க."

மின்சாரம் இல்லை என்றார். சொல்லி வாய் மூடவில்லை, தெருவே "மீ லாபி!" என்றது. தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. லேப்டாப்பைத் திறந்தார், பட்டியலின் கடைசி வரியைத் தொட்டார்.

படம் எதுவும் இல்லாத பக்கம். நான் சத்தமாகப் படித்தேன், வேலம்மாவும் பவானியும் இரண்டு தோளிலும் சாய்ந்துகொண்டு கேட்டார்கள்.

'இந்தச் சட்டைகளைத் தைப்பவர் பெயர் செசிலியா. கவுனின் அடியில் மூன்று விரல் மடிப்பு விட்டுத் தைப்பார். பிள்ளை வளர்ந்தால் பிரித்து நீளமாக்கிக்கொள்ளலாம். நெட் துணி கழுத்தில் குத்தாமலிருக்க உள்ளே மெல்லிய பருத்தி வைப்பார். அது வெளியே தெரியாது, அதற்குக் காசும் கேட்பதில்லை. தையல் ஒரு நூல் விலகினாலும் முழுதாகப் பிரித்துவிடுவார், அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக் கூடாது. முப்பத்து நான்கு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இவரைவிட நன்றாகத் தைப்பவர் ரங்கூனில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. இதை அவரிடம் நேரில் சொன்னதும் இல்லை. சொன்னால், வேலையைப் பாருங்கள் என்பார்.'

கடைசி வரி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது.

"முகப்புல இதுக்கு வழியே இல்லையே?" என்றேன்.

"வழி வச்சா நீ பாத்துருவியே. அதான் வைக்கல."

"அப்புறம் எதுக்குப் பட்டியல்ல எழுதுனீங்க?"

"வழி இல்லங்கிறதுக்காக ஒரு வீட்டைப் பட்டியல்ல விட முடியுமா?" என்று நியாயம் கேட்டார் மனுஷன்.

அறையில் மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அந்த முப்பத்தைந்து வருஷத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தை, அது தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தேன்.

"வேலையப் பாருங்க" என்றேன்.

பவானி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வேலம்மா மிஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. கையில் கிடைத்த வெள்ளை நெட் துணியில் துடைத்துக்கொண்டேன், யாரும் என்னைத் திட்டவில்லை.

"முப்பத்தி நாலுன்னு போட்டிருக்கு" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மே மாசத்தோட முப்பத்தஞ்சாச்சு. தப்பா இருக்கு."

"எழுதும்போது முப்பத்தி நாலுதான்."

"இப்ப முப்பத்தஞ்சு. மாத்துங்க."

ஒரு விரலால் தட்டித் தட்டி மாற்றினார். மாற்றிவிட்டுப் பட்டியலைத் திறந்து, அறுபத்து மூன்றாவது வரிக்குப் போனார். "இன்னைக்கு என்ன தேதி செசிலி?" என்று கேட்டார். அவருக்குத் தேதி தெரியாமல் இருக்குமா? ஜூலை முப்பத்தொன்று என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார்.